கோடு தெரியாத சீலிங்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டுவலி குறைந்ததா? கொச்சியில் நான் சுகம். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு வீட்டு ஹாலுக்கு ஜிப்சம் பலகையில் சீலிங் போட்டோம். போன வீட்டில் பலகைகள் சேரும் இடங்களில் வலை டேப் ஒட்டியிருந்தோம். மழைக்காலத்தில் கோடுகோடாக வெடித்துவிட்டது. அதனால் மேஸ்திரி ஸ்ரீஜித் அண்ணன், "இதுக்கு எந்த டேப் போடலாம்?" என்று எல்லோரிடமும் கேட்டார்.

"பேப்பர் டேப். நேரமாவும், ஆனா வெடிக்காது" என்றேன்.

"ஏட்டி, உனக்கு வாயும் உண்டா!" என்று கூட வேலை செய்யும் பிந்து அக்கா சிரித்தாள்.

"அப்ப நீயே ஒட்டு மக்கா. சரியா வரலன்னா பழையபடி பட்டி மாவு குழைக்கப் போவணும்" என்றார் அண்ணன்.

ஒரு இடத்தில் டேப் குமிழ் விட்டது. அடியில் பட்டி குறைவாக வைத்துவிட்டேன். யாரும் சொல்லும் முன்பே அறுத்தெடுத்து மறுபடி ஒட்டினேன். மேலே பட்டி பூசிக் காய்ந்த பிறகு அண்ணன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். ஒரு கோடும் இல்லை. இனி எல்லா வீட்டிலும் டேப் ஒட்டுவது நான்தான், உம்மா. சாரம் அதிக உயரமில்லை, பயப்படாதீர்கள்.

தலையில் தூசி விழுகிறது. கட்டிக்கொள்ள உங்கள் பழைய துப்பட்டா ஒன்று வேண்டும். பார்சலில் அனுப்பலாம். இரணியலில் ரயிலேறி நீங்களே கொண்டுவந்தாலும் நல்லது.

இதைத் தபாலில் போட பிந்து அக்கா வாசலில் நிற்கிறாள். நீங்கள் வந்தால் அந்த ஹாலைக் காட்டுகிறேன். நான் எங்கே ஒட்டினேன் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

உங்கள் ரிஃபா