செண்பகனூரில் நான் பிடுங்கிய ஆணி

என் செல்ல ரோஸி அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மகன் சாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலுக்கு என்னைப் பார்க்க வருகிறான். அவனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீ இருந்திருந்தால் இதற்குள், “விஷயத்துக்கு வாடி” என்றிருப்பாய்.

நீ போன அன்று காலையில் அவன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். “சித்தி, அம்மா உங்களத்தான் கேக்குறாங்க. உங்ககிட்ட மட்டும் ஏதோ சொல்லணுமாம். வெரசா வாங்க.” பள்ளிக்கூட ஆபீசில் லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பஸ்ஸில் வந்திருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகியவள், எனக்கும் தெரியும் என்று உன்னிடம் காட்ட நினைத்தேனோ என்னவோ. நான் கார் வாங்கியபோது, “ஸ்டெப்னி எங்க இருக்குன்னாவது தெரியுமாடி?” என்று சிரித்தவள் நீதானே?

செண்பகனூரில் ஒரு பழக்கடை முன்னால் நிறுத்தினேன். உன்னைப் பார்க்க வெறுங்கையோடு வர மனசில்லை. பேரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் முன் டயரில் ஓர் ஆணித் தலை தெரிந்தது. காற்று கொஞ்சமும் குறையவில்லை, டயர் கும்மென்றுதான் இருந்தது. ஆனால் இன்னும் எத்தனை வளைவு இறங்க வேண்டும்? அதற்குள் ஆணி இன்னும் ஆழமாக ஏறிவிடாதா? காலில் முள் குத்தினால் எடுத்துவிட்டுத்தானே நடப்போம்? டிக்கியில் கிடந்த குறட்டை எடுத்து வந்து ஒரே இழுப்பில் பிடுங்கினேன். ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது, அக்கா.

அடுத்த நொடி உஸ்ஸென்று சத்தம். ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சத்தம் நின்றது. ரோட்டோரத்தில் குத்தவைத்து, டயரைக் கட்டிப் பிடித்தபடி, இனி என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். அப்போதுதான் காருக்குள் போன் அடித்தது.

கேட்டது, அக்கா. நன்றாகவே கேட்டது. விரலை எடுத்தால் டயர் உட்கார்ந்துவிடும், அப்புறம் உன்னிடம் வர முடியாது என்பது மட்டும்தான் புத்தியில் ஓடியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன்? போன் முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அதுவும் ஓய்ந்தது.

பழக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, டயரத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க?”

“காத்து போகுதுங்க.”

“வெரல வச்சா நின்னுருமா? எடுங்கக்கா. பொழுது சாயிற வரைக்கும் இப்படியேவா இருக்கப் போறீங்க?”

எடுத்தேன். கண்ணெதிரே டயர் தரையோடு படிந்தது. ஸ்டெப்னியை மாட்டலாம் என்றால் ஒரு நட்டுகூட அசையவில்லை. ஸ்பேனர் மேல் நான் ஏறி நின்றேன். அவளும் ஏறிப் பார்த்தாள். “என் கனத்துக்கே அசையல. இது நம்மால ஆகாதுக்கா” என்று, பஞ்சர் கடை வைத்திருக்கும் தன் கொழுந்தனாருக்குப் போன் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் என் போனை எடுத்தேன். இரண்டு அழைப்பும் சாமுடையது. திருப்பிக் கூப்பிட்டேன். “அம்மாதான் சித்தி பேசணும்னாங்க. காதுல வச்சுப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப மூச்சுக்கு மாஸ்க் போட்டுட்டாங்க, மயக்கமாக் கெடக்காங்க. ஏன் சித்தி எடுக்கல?”

“வளைவுல ஓட்டிக்கிட்டு இருந்தேன்டா, எடுக்க முடியல” என்றேன். நின்றிருந்த காரில் சாய்ந்துகொண்டு சொன்னேன்.

பஞ்சர் கடைக்காரர் பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. “ஆணிய யாருங்க புடுங்குனது?” என்றார். நான்தான் என்றேன். ஓட்டைக்குள் ரப்பர் திரியைத் திணித்துக்கொண்டே, “டியூப் இல்லாத டயருங்க இது. உள்ள இருக்கிற வரைக்கும் ஆணியே அடைப்பு மாதிரி. விட்டிருந்தா மெதுவா வத்தலக்குண்டு இறங்கியிருக்கலாம். அங்க பத்து நிமிஷ சோலி” என்றார். குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் வந்து சேர்ந்தபோது உன் கை சூடாகத்தான் இருந்தது. கண் திறக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டாய்.

சாமிடம் பஞ்சரானதைச் சொன்னேன். ஆணியைப் பிடுங்கியதைச் சொல்லவில்லை. போன் அடித்ததைக் கேட்டேன் என்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் எனக்காகப் பேசினான். “மலைல வண்டி ஓட்டுறவங்க எப்படிப் போன் எடுப்பாங்க?” போன தடவை வந்தபோது, காரில் போனை மாட்டிவைக்கும் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்து அவனே பொருத்தினான். “இனிமே ஸ்டியரிங்க விடாமலே பேசலாம் சித்தி.” தினமும் வண்டியில் ஏறினால் அது என் முகத்துக்கு நேரே நிற்கிறது. கழற்றவும் முடியவில்லை.

வாரம் தவறாமல் கேட்கிறான். “அம்மா என்ன சித்தி சொல்ல வந்திருப்பாங்க?” ஒருநாள், ‘உனக்கு நல்ல பொண்ணாப் பாக்கச் சொல்லியிருப்பாடா’ என்று வாய்வரை வந்துவிட்டது. நம்பியிருப்பான். உன்னைப் போலவே பேச எனக்கு வரும் என்பது அவனுக்கும் தெரியும்.

நீ என்ன சொல்ல வந்தாய், அக்கா? சாமைப் பற்றியா? அப்பாவின் வீட்டைப் பற்றியா? சும்மா என் பேரைக் கூப்பிடத்தானா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்? உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. உன்னிடம் கேட்கக் கிடைத்த அந்த இரண்டு அழைப்பையும் நானே அடிக்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும், சாப்பாடு போடும் முன்பே சொல்லிவிடுகிறேன். பிறகு அவன் சாப்பிடுவானா, பையை எடுத்துக்கொண்டு கிளம்புவானா என்று எனக்குத் தெரியாது. சித்தி என்று கூப்பிடுவதை நிறுத்தினாலும் அது அவன் பாடு. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீ சொல்லாததைச் சொன்னதாக அவனிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவன் எத்தனை முறை கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

அன்று உன் போனை எடுக்காத தங்கச்சி,
ஷீலா