சுருக்குக் கம்பியில் ஒரு முடிச்சு

ஆனைமலை எஸ்டேட்டு,
மார்கழி, 1936

அன்புள்ள பாவாத்தாளுக்குக் கருப்புசாமி எழுதறது. நான் சௌக்கியம். நீயும் கொழந்தையும் சௌக்கியமா அம்மணி? காங்கேயத்துல மழை பேஞ்சுதா?

எழுத்து கோணலா இருக்குதுன்னு பயந்துக்காதே. கையில சின்னக் கடி, அவ்வளவுதான். துரையோட நாய்கள்ல ரெண்டைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. நாய்களைப் பாத்துக்கற ஆளு நாந்தானே, சிறுத்தையைப் புடிக்கக் கம்பிச் சுருக்கு வெக்க என்னையே சொன்னாரு.

"நாயும் அந்தத் தடத்துல போகுமுங்களே"ன்னேன்.

"கட்டிப் போடு"ன்னாரு.

கட்டித்தான் போட்டேன். ஆனாலும் மனசு கேக்காம, நாய் மாட்டுனாலும் கழுத்து ரொம்ப இறுகாதபடி கம்பியில ஒரு முடிச்சுப் போட்டு வெச்சேன்.

நேத்துக் காலையில செவலைங்கற பொட்டை நாய் கயித்தை அறுத்துட்டுப் போயி அதுல மாட்டிக்கிச்சு. முடிச்சு இருந்ததால உசுரு தப்புச்சு. கழட்டி உடறப்ப பயத்துல என்னையே கடிச்சுப்போட்டுது. பக்கத்து ஈரமண்ணுல சிறுத்தையோட காலடி புதுசாக் கெடந்துச்சு. அதுலருந்து உக்காந்தா எந்திரிக்கத் தோணுது, எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியலை.

கன்னுக்குட்டி மணி ஒண்ணு குடுத்தனுப்பு, எங்க போனாலும் சத்தங் கேக்கற மாதிரி செவலைக்குக் கட்டோணும். கொஞ்சம் வெளக்கெண்ணெயும் அனுப்பு. கொழந்தை பேசறதையெல்லாம் ஒண்ணு உடாம எழுது. செவலை இப்ப நீ குடுத்த போர்வையிலதான் படுக்குது. பக்கத்துல ஒரு மூச்சுச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு மூடுது.

முடிச்சை அவுக்கச் சொல்றாரு துரை. அவுத்தாச் சிறுத்தை தப்பாதாம், சிக்குனாப் பொங்கலுக்கு லீவாம். நான் அவுக்கலை அம்மணி. கோவிச்சுக்காதே.

தபால்காரர் கெளம்பிட்டாரு.

கருப்புசாமி