பாறைக்குச் சாணி மெழுகிய கதை

அன்பு மகள் தேன்மொழிக்கு நைனா எழுதுவது. கங்கம்மா புண்ணியத்தில் குடிபாலாவில் நானும் உன் அம்மாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். கங்கம்மா ஜாத்திரைக்கு வரட்டுமா என்று நீ போனில் கேட்டதற்கு, உன் வேலையைப் பாரும்மா என்று வைத்துவிட்டேன். அப்புறம் அம்மாவிடம், "நான் வர்றது நைனாவுக்கு இஷ்டமில்லியா" என்று கேட்டாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம், ஹரிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண் ஹரிதா, திருப்பதிக்கு லீவில் வந்தவள், நீ சொன்னபடி நம் கொல்லைப் பாறையின் சூட்டை அளக்க மெஷினோடு வந்தாள். அதற்குள் உன் அம்மா விடிந்ததும் சாணி கரைத்துப் பாறை முழுக்க மெழுகிக் கோலமும் போட்டுவிட்டாள். ஏனடி என்றால், "எம்பொண்ணு வேலை நம்ம வூட்டுக்கு வருது, பாறை அழுக்கா கெடந்தா நல்லாவா இருக்கும்" என்கிறாள். பாவம் ஹரிதா, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். வெறும் பாறைதான் வேண்டுமாம். கழுவிவிட்டு, அது காயும் வரை களியும் வேர்க்கடலைச் சட்னியும் போட்டு அவளை உட்கார வைத்தோம். துன்றபடியே விளக்கினாள். உங்கள் சாட்டிலைட் தரையைத் தொட்டா பார்க்கிறது, தரை வெளியே விடும் சூட்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறதாம். செடியும் ஈர மண்ணும் தங்கள் சூட்டை அநேகமாக அப்படியே விட்டுவிடும், நம் பாறை கொஞ்சம் கம்மியாகத்தான் விடும், அதனால் உள்ளதைவிடக் குளிர்ந்ததாக மேலே தெரியும், எது எவ்வளவு விடும் என்று தெரிந்தால்தான் கணக்கைத் திருத்தலாம் என்றாள். எனக்கு உன் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, "நைனா, வெயில் பூட்ச்சி, இது இன்னும் சுட்டுக்கினே கீதே" என்பாய். அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டாலும் எழுந்திருக்க மாட்டாய். இப்போதும் சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போனால் பாறையில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

உன் அம்மா ஈர மண், இருப்பதையெல்லாம் வெளியே விட்டுவிடுவாள். நான் பாறை ஜாதி. அளக்கப் படித்தவள் நீ, என் கணக்கைத் திருத்திக்கொள். நீ வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, வா அம்மா.

பாறையில் உடைத்த சில்லும் வறுத்த கடலையும் ஹரிதாவிடம் இருக்கிறது, சில்லு அங்கே உன் மெஷினுக்கு, கடலை உனக்கு. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. டிக்கெட் போட்டதும் மறக்காமல் சொல். நீ வருகிற அன்று உன் அம்மா மறுபடியும் பாறையை மெழுகுவாள், நான் தடுக்க மாட்டேன், தண்ணீர் நானே சேந்திக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் நைனா
துலுக்காணம்