சும்மா பகிடி

சாருஜா,

ஓம், நீ வாடிக்கையாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை வங்கியின் உள் விசாரணைக்காக மொழிபெயர்த்தது நான்தான்.

சொந்த ஃபோனில் வியாபாரம் பேசக் கூடாது என்ற, நம் வங்கிக்கும் பொருந்தும் அமெரிக்க விதியை நான் நினைவூட்டியபோது சிரித்தாய். "தமிழில எழுதினா லண்டன் வங்கியில ஆருக்கடி விளங்கும்?" எனக்கு விளங்கும் என்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

நீ எழுதியிருந்தாய்: "எல்லாப் பங்கையும் வாங்குங்கோ அண்ணை, நான் பொறுப்பு. சும்மா பகிடி." வெறும் வேடிக்கை என்று சொல்லும் அந்தக் கடைசி இரண்டு சொற்களை நான் மொழிபெயர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்திருந்தால் உனக்கு ஓர் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். உன் வேலை போனது.

நேற்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், இப்படிப்பட்ட ஃபோன் செய்திகள் பற்றி எங்கள் வங்கி மீது நடத்திய விசாரணையைக் கைவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். உன் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

இன்று காலை அந்த இரண்டு சொற்களையும் மொழிபெயர்த்து, என் பெயரோடு மேலதிகாரிக்கு அனுப்பினேன். பிறகு உன் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு ரயில் ஏறினேன்; இந்தக் கடிதத்தை அதில் இருந்தே எழுதுகிறேன்.

வங்கியில் இப்போது உன் மேசையில் வேலை பார்ப்பவள்