யுரேனஸில் நீ கேட்ட மின்னல்

இன்று சாஆவில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாலோ அருகே மழை பிடித்துக்கொண்டது. கார் ரேடியோவை நிலையமே இல்லாத ஏ.எம். பக்கம் திருப்பினேன். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே மின்னல் வெட்டிய கணமே 'சடக்'கென்றது. "பாத்தியா, இடிக்கு முன்னாடியே ரேடியோ சொல்லிருச்சு லா" என்று நீ இருந்திருந்தால் துள்ளியிருப்பாய். காரை ஓரம் நிறுத்தினேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

யுரேனஸையும் நெப்டியூனையும் ஒரே ஒரு விண்கலம்தான் நெருங்கிக் கடந்திருக்கிறது, அதுவும் ஒரே ஒரு முறை. அது பதிவுசெய்த வானொலி இரைச்சலைக் கல்லூரியில் பாடம் நடத்தி முடித்த மாலைகளில் நான்கு வருடம் நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தாய். சூறைக்காற்று வீசும் நெப்டியூனில் மின்னலென்று சந்தேகிக்க நாலே நாலு துடிப்பு. அமைதியாகத் தெரிந்த யுரேனஸிலிருந்தோ சடசடவென்று வந்திருந்தன. ஏன் என்பதுதான் உன் கட்டுரை.

நம் துறைக்கூட்டத்தில் துறைத்தலைவர் சிரித்தார். "நம்ம ஜொகூர்லயே தெனம் இடி விழுது. யுரேனஸ்ல விழுந்தா யாருக்கு என்ன?" கருத்தரங்குப் பட்டியலில் உன் பெயரை அடித்தார். நீயும் சிரித்தாய். பக்கத்து நாற்காலியிலிருந்த நான் வாயே திறக்கவில்லை. வெளியே வந்து உன்னிடம்தான் கத்தினேன்.

"ஏன்டி சும்மா இருந்த?"

"எண்ணினது சரியான்னு இன்னொரு தடவ பாக்கணும். சண்ட போட நேரமில்ல."

ஆறு மாதத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வகுப்பறையிலேயே விழுந்தாய். யாரிடம் கோபப்படுவது அதற்கு?

அஞ்சலிக் கூட்டத்தில் ஆள் கிடைத்தார். "நானும் அவங்களும் சேர்ந்து செஞ்ச ஆய்வு" என்றார் அதே தலைவர். திரையில் உன் வரைபடம். முதலில் அவர் பெயர், அடுத்துதான் உன் பெயர். முன்வரிசையில் உன் அம்மா நன்றியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். எழுந்துவிட்டேன்.

"சார், நெப்டியூன்ல எத்தன துடிப்பு?"

அவர் தாளைப் புரட்டினார்.

"சேர்ந்து செஞ்சதுதானே சார்? சொல்லுங்க."

தண்ணீர் குடித்தார். "நாலு" என்றேன். "அவ ஒருத்தியா எண்ணினது."

என் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. பிறகு உன் கட்டுரையில் தன் பெயரையும் சேர்க்க உன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கத் தலைவர் ஒரு தாள் அனுப்பியதாகக் கேள்விப்பட்டுத்தான் இன்று சாஆவுக்குப் போனேன்.

"அவரு பேரும் இருந்தா பெரிய எடத்துல எடுத்துக்குவாங்கன்னு சொல்றாரேம்மா" என்றார் அம்மா. நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். "எம்மக பேரு மட்டும் போடும்மா. எழுத்துப்பிழ இல்லாம போடு."

வீட்டுக்கு வந்ததும் அப்படியே போட்டுக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். ஏற்பார்களா, தெரியாது. அன்று துறைக்கூட்டத்தில் மௌனமாக இருந்ததற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் 'பரவால்ல லா' என்றுதான் சொல்லியிருப்பாய். எனக்கு அந்தப் பரவாயில்லை வேண்டாம்.