மூன்றா, எட்டா?

இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள், ஈரம்கூடக் காயவில்லை. அந்த வாசனை ஏறியதும் மணமக்கள் பெயரைப் படிக்கத் தோன்றவில்லை. உன் நினைவுதான் வந்தது.

செவிலிமேட்டுக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று மனு கொடுத்து ஓய்ந்து, கடைசியில் வார்டு தேர்தலில் நீயே சுயேச்சையாக நின்றாய். சாவடி மூடும்போது, பதிவான ஓட்டு எத்தனை என்று அதிகாரி கையெழுத்துப் போட்டு ஏஜெண்டுகளுக்கு ஒரு தாள் தருவார். சாவடிக்குச் சாவடி நம் ஆள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்; எண்ணும் நாளில் அறிவிப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதுதான் உன் திட்டம். குழுவில் குட்மார்னிங் ரோஜாப்பூ போடுகிறவர்களைத் திட்டுவது என் பொறுப்பு. நானே இரண்டு பூ போட்டேன்.

"ஜெயிக்கிறமோ தோக்கிறமோ, எண்ணினது சரியான்னு நமக்குத் தெரியணும்பா" என்பாய்.

சொற்ப ஓட்டில் தோற்றாய். பள்ளிக்கூடச் சாவடியில் அறிவித்த மொத்தம் மட்டும் உனக்கு அதிகமாகப் பட்டது. அங்கே நம் ஏஜெண்ட் தட்சிணாமூர்த்தி. அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினோம். மொத்தத்தில் பத்துகள் இடத்து இலக்கத்தின் மேல் மஞ்சள் வழிந்திருந்தது. எட்டு என்றால் அறிவிப்பு சரி. மூன்று என்றால் ஐம்பது ஓட்டு எங்கிருந்தோ வந்திருக்கிறது, ஜெயித்தவன் நீ. தாளையே கொண்டுவரச் சொன்னோம். அதிலும் மை கரைந்திருந்தது.

"நல்ல காரியமாச்சேன்னு மஞ்சள் வெச்சேன்பா."

"படத்த எடுத்துட்டு வெச்சிருக்கலாமே" என்றேன்.

"சாமிக்குக் காட்டாம உங்களுக்கு எப்படிப்பா அனுப்பறது?"

மற்ற ஏஜெண்டுகள் தங்கள் தாளைக் காட்டவில்லை. படிக்க முடியாத தாளை வைத்து நான் என்ன செய்ய என்றார் அதிகாரி. நீ தட்சிணாமூர்த்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நமக்காகத்தான வேண்டிக்கினாரு, விடு" என்றாய்.

அடுத்த கோடையில் அந்தத் தண்ணீரே உனக்குக் காமாலையாக வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்துகொண்டு, "தட்சிணாமூர்த்தி எனக்கும் வெச்சிட்டாருபா" என்றாய். எழவு வீட்டிலும் ஜோக் அடிக்கிற எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

அடுத்து வந்த தேர்தலில், அதே தண்ணீருக்காக உன் மனைவி நின்றார். குழுவை நான் நடத்தினேன். படங்கள் எல்லாம் பளிச்சென்று வந்தன. எண்ணும் இடத்துக்குள் கைப்பேசியை விடமாட்டார்கள். வெளியே நின்று, ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல ஒத்துப் பார்த்தேன். உன்னைத் தோற்கடித்த அதே ஆள்தான் ஜெயித்தான், இந்த முறை பெரிய வித்தியாசத்தில்.

உன் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "எங்கயாவது இடிக்குதாண்ணா?"

இல்லாத வம்பை உண்டாக்குவதில் ஊரறிந்த ஆள் நான். ஒரு சாவடியையாவது இடிக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த முகம் கொஞ்சம் தேறியிருக்கும்.

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறப் போனார். குழுவிலும் அதையே தட்டி அனுப்பினேன். நீ விட்டுப்போன வேலை இதுதான் போலிருக்கிறது. நான் அதை யாரிடமும் இன்னும் ஒப்படைக்கவில்லை.