காகிதத்தில் கொள்ளாத தீவு

முதலில் மன்னித்துக்கொள். நீ உயிரோடு இருந்தபோது ஒரு வரிகூட எழுதாதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதில் வராது என்பதால்தான் எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பதில் சொல்லக்கூடியவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் பேச்சு வராது. அது உனக்குத் தெரியும்.

இன்று காலை அடித்த தேங்காய் எண்ணெய் வாசம்தான் காரணம். நான் இப்போது தெற்கு அந்தமானில், பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். ஒப்பந்த வேலைதான். பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை ஃபைல்களைத் திருத்த எடுத்தேன். முதல் ஃபைலைத் திறந்ததுமே வாசம் முகத்தில் அடித்தது. வெள்ளைத் தாளில் எண்ணெய் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, வரைபடத்தின் மேல் வைத்து நகல் எடுப்போமே, இன்றும் அதே வழிதான். அந்தமான் நிக்கோபார் வரைபடம். வடக்கு அந்தமான், நடு அந்தமான், தெற்கு அந்தமான். அதற்கு ஒரு விரல் கீழே 'பத்து டிகிரி கால்வாய்'. அதற்கும் கீழே கார் நிக்கோபார்.

லிட்டில் அந்தமான் இல்லை. உன் ஊர் இல்லை.

அடுத்த ஃபைலிலும் இல்லை. கட்டு முழுவதையும் புரட்டினேன். ஹட் பே இருக்கும் தீவையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீலப் பென்சிலால் அழகாக அலை போட்டிருந்தார்கள், எல்லோரும்.

"இத எதப் பாத்து வரைஞ்ச?" என்று முன் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஃபுல் மார்க் ஃபைல் மிஸ். புரோத்ராபூர்ல என் மாமா பொண்ணு குடுத்தா. அவளுக்கு அவ சீனியர் குடுத்தாங்களாம். அதுல இருக்கற மாதிரியே போட்டா மார்க் கட்டாயம் வரும்னாங்க."

மத்தியானம் அந்தப் பழைய ஃபைலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அட்டை போய், ஓரமெல்லாம் மஞ்சளாகி, பல பேர் எண்ணெய்க் கை பட்டு வழவழவென்று இருந்தது. உள்ளே இருந்தது என் கையெழுத்து. பள்ளி முடிந்ததும் கீழ்வகுப்புப் பெண் கேட்டாள் என்று பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேனே, அதே ஃபைல். உன் ஊரைக் காணாமல் போக்கியவர்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதன்பின் ஒரு ஃபைலுக்கும் மதிப்பெண் போடவில்லை. பயத்தில் இல்லை, கோபத்தில். இவ்வளவு கோபம் எனக்கு இதற்குமுன் வந்ததில்லை.

பதினோராம் வகுப்பில் நான் புவியியல் எடுத்தது எப்படி என்று உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா ரோடு வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "எது லேசோ அத எடு தாயி. பாஸாயிட்டா போதும்" என்றார். அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். 'ஜியாகிரபி ஈஸி' என்றார்கள். எடுத்துவிட்டேன். நீ அப்படி எடுக்கவில்லை. ஹட் பேயிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்த நீ, அறிவியல் பிரிவுக்கு வேண்டிய மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் வந்து நின்றாய். "பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? சயின்ஸ் கிடைக்கும்போது இத ஏன் கேக்கற?" என்று விண்ணப்பம் வாங்கியவர் கத்தினார். "எனக்கு இதுதான் வேணும்" என்றாய். அப்புறம் என்னிடம் சொன்னாய்: "எங்கப்பாவுக்கு நீரோட்டம் எப்ப திரும்பும்னு தண்ணியப் பாத்தாலே தெரிஞ்சுரும். ஏன் திரும்புதுன்னு கேட்டா, திரும்பும் அம்புட்டுதாங்காரு. எனக்கு அந்த ஏன் வேணும்ட்டி."

அந்த 'ஏன்' நம் வகுப்பில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. புவியியலுக்கு டீச்சரே இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். லேசான பாடம்தானே, யார் எடுத்தாலும் ஓடும் என்று கணக்கு சார் தலையில் கட்டினார்கள். அந்த வருடம்தான் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தவர். முதல் நாளே மேசையில் ஒரு ஃபைலைப் போட்டார். "புரிஞ்சுக்க இதுல ஒண்ணும் இல்ல. இது மாடல். இதப் பாத்து வரைங்க, நீட்டா கலர் அடிங்க. மார்க்க நான் பாத்துக்கறேன்." வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அறிவியல் பிரிவுப் பையன்கள் வராந்தாவில் நம்மைப் பார்த்தால் விடமாட்டார்கள். "என்ன மேடம், இன்னிக்கு என்ன கலர்?" நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீதான் நின்று பதில் சொல்வாய். "காத்து எந்தப் பக்கம் திரும்பப் போவுதுன்னு உன் ஃபார்முலாவப் போட்டுச் சொல்லுலே பாப்போம். சொல்லிட்டா நான் உனக்குக் கலர் அடிச்சுத் தாரேன்." என் பங்குக்கும் நீயே பேசிவிடுவாய். பஸ்ஸில் சில்லறை கேட்பதிலிருந்து, வகுப்பில் என் வருகைக்குக் குரல் கொடுப்பதுவரை. "அவளுக்கு வாயே கெடையாது, விடுங்க" என்பாய், நான் ஏதோ உன் சின்னத் தங்கச்சி மாதிரி.

மாடல் ஃபைலை நாம் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது உன் அத்தை வீட்டுத் தரையில். எண்ணெய்த் தாளை மேலே வைத்துப் பாதி வரைந்திருந்தாய். பென்சில் நின்றது.

"ஏட்டி, எங்க ஊரு எங்க?"

"கீழ இருக்கும், பாரு."

"கீழ அலைதான்டி இருக்கு! ஏழு மணி நேரம் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வாரேன், அந்தத் தூரத்த அலை போட்டு மூடி வச்சிருக்கானுவ!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நீ அளவுகோலை எடுத்து அளந்து கண்டுபிடித்தாய். என்றைக்கோ முதலில் வரைந்த யாரோ ஒருவருக்குத் தாள் போதவில்லை. தெற்கு அந்தமான்வரை வரைந்ததும் கீழே இடம் குறைந்திருக்கிறது. நிக்கோபார் தீவுகளைக் காட்டியே ஆகவேண்டும். அதனால் நடுவில் இருந்த உன் தீவை எடுத்துவிட்டு நிக்கோபாரை மேலே தூக்கிவிட்டார். அடுத்த வருடம் வந்தவர் அதன்மேல் எண்ணெய்த் தாள் வைத்தார். அவருடையதன்மேல் அடுத்தவர். கப்பலேறி ஹட் பே போய்வந்த பிள்ளைகள்கூட எதுவும் கேட்காமல் வரைந்திருக்கிறார்கள். யோசிக்க வேண்டாம் என்று சொல்லித்தானே அந்தப் பாடத்தையே அவர்களுக்குக் கொடுத்தார்கள்?

"பேப்பரு பத்தலன்னா ஒட்டணும். ஊரையா தூக்குவாவ?" என்றாய். மைதா காய்ச்சிப் பசை செய்தாய். தாளின் அடியில் இன்னொரு தாளை ஒட்டினாய். அட்லஸைப் பார்த்து, அளவை மாற்றாமல், நான்கு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு தீவாக வைத்தாய். கடைசியில் உன் வரைபடம் ஃபைலுக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

"நீயும் மாத்துட்டி" என்றாய்.

"கலர் அடிச்சு முடிச்சிட்டேனே" என்றேன். பொய். பாதிதான் அடித்திருந்தேன். மாடல் மாதிரி இல்லையென்றால் சார் என்ன சொல்வாரோ என்று பயம்.

செய்முறைத் தேர்வு நாளில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. சார் நம் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார். இரண்டு ஃபைலும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடந்தன. உன் மடிப்பை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது, வாலு மாதிரி தொங்குது?"

"லிட்டில் அந்தமான் சார். மாடல்ல விட்டுப்போச்சு. அது எங்க ஊரு."

"ஊருன்னா ஒட்டிருவியா? அப்ப எங்க வீட்டையும் ஒட்டேன்." பின்னால் சிரித்தார்கள். "இத்தன வருஷமா எல்லாரும் ஒரே மாதிரிப் போட்டிருக்காங்க. நீ மட்டும் பெரிய விஞ்ஞானியா?"

"தப்பா இருக்கு சார். பத்து டிகிரி கால்வாயே இடம் மாறியிருக்கு. அட்லஸ்ல பாருங்க."

அவர் அட்லஸை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ அமைதியான பொண்ணு. நீ சொல்லும்மா. எந்த மேப் சரி?"

ஒரே ஒரு சொல் போதும். 'அவளுது' என்றால் போதும். நீ என்னைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன். கடைசியில் நீதான், அப்போதும் நீதான், "விடுங்க சார், அவளுக்கு வாயே கெடையாது" என்றாய்.

"கூட இருக்கறவளே சொல்லல, பாத்தியா" என்று சார் பேனாவை எடுத்தார்.

எனக்கு முழு மதிப்பெண். உனக்குப் பாதிகூட இல்லை. எழுத்துத் தேர்வில் நீ என்னைவிட எவ்வளவோ மேலே. ஆனாலும் கூட்டினால் நீ கீழே போய்விட்டாய். போர்ட் பிளேர் கல்லூரிப் பட்டியலில் என் பெயர் வந்தது, உன் பெயர் வரவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் போட்டுக்கலாம்ட்டி. நீ போய் எனக்கு இடம் போட்டு வையி" என்று சிரித்தாய். அடுத்த வருடம் உனக்கு வரவில்லை. காய்ச்சல் வந்தது. நீ ஹட் பேயில் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் கடல் மோசமென்று போர்ட் பிளேருக்குக் கப்பல் விடவில்லை. காய்ச்சல் காத்திருக்கவில்லை. நீ போனதற்கும் அந்த வரைபடத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

கல்லூரியில் முதல் மாதமே எனக்குப் புத்தி வந்தது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் கொண்டுவரும் கணக்கைக் கொடுத்தார்கள். எதையாவது இழக்காமல் அது முடியாது. எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்பதுதான் பாடமே. நீ எட்டணாப் பசையோடு தரையில் உட்கார்ந்து தனியாகப் போராடியது அதைத்தான். நான் கழிவறையில் போய் அழுதேன். லேசாம். யார் சொன்னார்கள் லேசு என்று? படித்தவர்கள் சொல்லவில்லை. படிக்காமல் தாண்டியவர்கள் சொன்னார்கள். டீச்சர் போட மனமில்லாதவர்கள் சொன்னார்கள். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று நினைத்தவர்கள் சொன்னார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு உரிமையில்லை, ஏனென்றால் அந்த 'லேசு'வைப் பிடித்துத்தான் நான் மேலே ஏறினேன். வீட்டுச் சுவரில் நான் பட்டம் வாங்கிய படம் மாட்டியிருக்கிறது. அப்பா தினமும் துடைக்கிறார்.

இன்று ஸ்டாஃப் ரூமில் நான் ஃபைல்களுக்கு மதிப்பெண் போடாமல் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு இயற்பியல் டீச்சர், "ஜியாகிரபிதானே மிஸ், இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்? கலர் நல்லா இருந்தா போட்டு விடுங்க, சலோ" என்றார். "மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தப்பான மேப்புக்கு மார்க் போடமாட்டேன். எல்லாரும் திரும்ப வரையணும். அந்தத் தப்ப அவங்களுக்குக் குடுத்தது நான்." தலைமையாசிரியரிடமும் போய் அதையே சொன்னேன். திங்கட்கிழமைக்குள் மதிப்பெண் வராவிட்டால் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். யோசிக்கட்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. உன் முப்பதாம் நாள் பூசைக்கு ஹட் பே வந்திருந்தேன். உன் அம்மா என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார். பிறகு உன் ஃபைலைக் கொண்டுவந்து அந்த மடிப்பைப் பிரித்தார். "எங்க ஊரையெல்லாம் போட்டுருக்கா பாரு மக்கா. இதுக்கு எம்புட்டு மார்க்கு குடுத்தாவ?" நீ அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. "நெறைய" என்றேன். தேர்வன்று பேசாமல் இருந்தவள், அங்கே வாயைத் திறந்து பொய் சொன்னேன். அம்மா தலையாட்டி ஃபைலை மூடினார்.

ஹட் பே போகும் சனிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். முதலில் அந்த மதிப்பெண்ணைச் சொல்லப்போகிறேன். பிறகு சார் கேட்ட கேள்வியை. பிறகு நான் பார்த்துக்கொண்டு நின்ற செருப்பை.

அம்மா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நான் பாதி சொல்வதற்குள் கையைப் பிடித்துக்கொள்வார். "விடு மக்கா. அந்தப் புள்ளைக்கு வாயே கெடையாதும்மான்னு எம் மவ எப்பவும் சொல்லுவா" என்பார். பூசையன்று வந்தவர்களிடமும் என்னைக் காட்டி அதைத்தான் சொன்னார். அது அவருடைய வார்த்தை இல்லை, உன்னுடையது. நீ போனபிறகும் அதற்குள்தான் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

கேட்கக் கூச்சமாக இருந்ததால் இவ்வளவு நேரம் தள்ளிவைத்தேன். சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை, அம்மாவின் வாயில் அந்த வார்த்தை வராமல் பார்த்துக்கொள். இந்த ஒரு தடவை எனக்காக நீ பேசாதே.